மூன்று பாதைகளும் ஒரு தாயக்கட்டையும்

1

ஜெர்மனியில் கணக்கு வாத்தியார்கள் கை தட்ட மாட்டார்கள். ஒரு பேச்சு முடிந்தால், முன்னால் இருக்கிற மேசையை விரல் முட்டியால் குத்துவார்கள். அதுதான் பாராட்டு. அறுபது பேர் ஒரே சமயத்தில் மேசையைக் குத்தினால் எப்படி இருக்கும் என்று சொல்ல எனக்கு ஒரே ஓர் உவமைதான் தெரியும்: ஒரு கூட்டம் பெஞ்சுகளை உடைத்துக்கொண்டு உள்ளே வருவதுபோல இருக்கும். இது உவமையே இல்லை என்பது போகப் போகப் புரியும்.

இங்கே எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் ஐந்து நாள் பயிலரங்கு நடக்கும். கணிதத்தில் இன்றைக்கு நடக்கும் ஆய்வுகள், அவற்றின் பயன்பாடுகள். நான் வந்த முதல் ஆண்டே என்னைப் பேசவைத்தார்கள். பேசி முடித்து 'நன்றி' என்றேன். குத்து விழுந்தது. அடுத்த கணம் சாக்பீசைக் கீழே போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடினேன். எதிரே தெரிந்த முதல் கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். நல்லவேளை, அது கழிப்பறை. என் ஓட்டத்துக்கு அவர்களே ஒரு மரியாதையான காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அதிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் வாசலோரம் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைக்கிறார்கள். 'வயிறு சரியில்லாதவர், ஆனால் அடக்கமானவர்' என்று பெயர்.

நான் ஏன் ஓடுகிறேன் என்பது போடிநாயக்கனூரில் சிலருக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்கும் முழுக்கத் தெரியாது. இத்தனை காலம் யாரிடமும் சொல்லாததைப் போன மாதம் ஓர் அரசாங்க அலுவலகத்தில் சொல்லும்படி ஆகிவிட்டது. அங்கே சொன்ன பிறகு உங்களிடம் மறைப்பதில் அர்த்தமில்லை.

2

இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க மனுப் போட்டிருந்தேன். பதினோரு காகிதம் கேட்டார்கள். பதினொன்றையும் கொடுத்தால், பன்னிரண்டாவது ஏன் கொடுக்கவில்லை என்று ஒரு கடிதம் வரும். கடைசியில் நேரில் வரச் சொன்னார்கள். என் மகள் செல்வியைக் கூட்டிக்கொண்டு போனேன்.

என் ஜெர்மன் மொழி கரும்பலகைக்கு மட்டும்தான் போதும். 'எனில்', 'ஆகவே', 'முடிவிலி' இந்த மூன்றும் சுத்தமாக வரும். இவற்றை வைத்துக்கொண்டு மீன் வாங்க முடியாது. ஒருமுறை கடையில் 'புழுக்கமாக இருக்கிறது' என்று சொல்ல நினைத்து நான் சொன்னதை இந்த இதழில் அச்சிட மாட்டார்கள். கடைக்கார அம்மாள் சிவந்துபோனாள். செல்வி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவளுக்குப் பதினைந்து வயது. என் ஜெர்மன் எப்படியோ அப்படித்தான் அவள் தமிழும். "அப்பா, நீ உக்காருது. நான் பேசுது." ஏலக்காயை இவர்கள் கிறிஸ்துமஸ் பிஸ்கட்டில் போடுவார்கள். ஆகவே அவளைப் பொறுத்தவரை ஏலக்காய் ஒரு ஜெர்மன் வாசனை. 'எங்க ஊரு வாசனைம்மா' என்றால், 'உங்க ஊருலயும் கிறிஸ்துமஸ் இருக்குதா?' என்கிறாள்.

அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் என் கோப்பைப் புரட்டினார். அடியிலிருந்து ஒரு பழைய கடிதத்தை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, செல்வியிடம் ஏதோ கேட்டார்.

"அப்பா, இது புரொபசர் குடுத்த லெட்டர்தானே? சின்னப் பிள்ளை எழுதுன மாதிரி இருக்குதுன்னு சொல்லுறாங்க. பொய் லெட்டரான்னு கேக்குறாங்க."

இந்த நாட்டில் எனக்கு முதல் வேலை கிடைத்ததே அந்தச் சிபாரிசுக் கடிதத்தால்தான். அது பொய் என்றால் வேலை பொய், வீடு பொய், இந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பதும் பொய். கடிதத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். எனக்குக் கொடுத்தபோது உறை ஒட்டியிருந்தது; பிரிக்காமலே பல்கலைக்கழகத்தில் கொடுத்தேன், அவர்கள் இங்கே அனுப்பியிருக்கிறார்கள். கொட்டை கொட்டையான எழுத்துகள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வரிகள் மலை ஏறுவதுபோல மேலே போயின.

எழுதியவர் ஐம்பது வயதுக் கணிதப் பேராசிரியர். ஏன் அப்படி எழுதினார் என்று எனக்குத் தெரியும். அக்டோபர் மாதத்தில், ஜெர்மனியில், எனக்கு வேர்த்தது.

3

எழுபதுகளின் நடுவில் போடிக்கு வெளியே ஒரு சிறிய தனியார் கல்லூரி இருந்தது. பிறகு மூடிவிட்டார்கள். அதில் கணக்கு வாத்தியார் நான் ஒருவன்தான். சிலமலைக்காரன், இருபத்தேழு வயது, உலகத்தில் தீராத கணக்கே கிடையாது என்று நம்புகிற பருவம். மதுரையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் பதினெட்டுப் பேரைக் கூட்டி மூன்று நாள் பயிலரங்கு நடத்தினேன். ஏலக்காய் மூட்டை அடுக்கிவைக்கும் பழைய கிட்டங்கிதான் அரங்கு. உள்ளே வந்தவர்கள் கணக்கைக் கேட்கும் முன் தும்மினார்கள்.

சிறப்பு விருந்தினர் மதுரை ஞானமுத்து சார். பகா எண்களைத் தவிர வேறு எதையும் மனிதர்கள் யோசிக்க வேண்டியதில்லை என்ற கட்சி. வந்திறங்கியதும் வாசலில் இருந்த தட்டியைப் படித்தார்.

"பயன்பாடுன்னு போட்டிருக்கியே ராசு. கணக்கை எதுக்குப்பா சோலிக்கு அனுப்புற? அது பாட்டுக்கு வீட்டோட இருந்துட்டுப் போகட்டுமே."

"பயன்பாடு இல்லைன்னா மத்தியானச் சாப்பாடு இல்ல சார்" என்றேன். உண்மை அதுதான். மூன்று நாள் சாப்பாட்டுக்குப் பொறுப்பேற்றவர் குரங்கணிக்கு மேலே ஏலத் தோட்டம் வைத்திருந்த பொன்னையா. சாப்பாடு போட்ட உரிமையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்காகவே முதல் நாள் நான் ஒரு பயன்பாடு பேசினேன்.

அவர் தோட்டத்திலிருந்து கீழே இறங்க மூன்று பாதைகள். பழம் எடுக்கும், அதாவது ஏலக்காய் பறிக்கும் காலத்தில், வேலையாட்கள் இறங்கிய பிறகு, பனி மூடும் நேரத்தில், எவனோ பச்சைக் காயைப் பறித்து மூட்டை கட்டிக்கொண்டு இறங்குகிறான். காவல்காரர் ஒருவர்தான். அவர் ஒரு பாதையில் நின்றால் திருடன் வேறு பாதையில் போகிறான். எங்கே நிற்பது? விடை: காவல்காரர் எங்கே நிற்பார் என்று காவல்காரருக்கே தெரியக்கூடாது. எங்கள் வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டை ஒன்றை எடுத்துக் காட்டினேன். நாலு முகம். ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு வெறுமை. தினமும் முதலாளி கையால் உருட்ட வேண்டும். விழுகிற எண்தான் அன்றைய பாதை. வெறுமை விழுந்தால் மறுபடி உருட்ட வேண்டும். கரும்பலகை நிறைய நிரூபணம் எழுதினேன். முதல் வரி இப்படி: 'காவலரும் திருடரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை என்று கொள்க.'

பொன்னையா எழுந்து நின்றுவிட்டார். "வாத்தியாரே, இம்புட்டு நாளும் காவக்காரனத்தான் வஞ்சுக்கிட்டுக் கெடந்தேன். இனிமே கட்டையே பாத்துக்கிரும்ல?"

"கட்டைக்கு மாமன் மச்சான் கெடையாதுங்களே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஞானமுத்து சார் சிரிக்கவில்லை. "ராசு, ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்கன்னு எழுதியிருக்க. விசாரிச்சியா?"

"பேசிக்கிட்டா கணக்கு வராது சார்."

"அதான் கேட்டேன்" என்று உட்கார்ந்தார்.

விசாரிக்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. காவல்காரர் காளிமுத்து. அவர் பெண்டாட்டி பேச்சியம்மாள். பேச்சியின் அண்ணன் மொக்கராசுதான் அந்த மூட்டைக்காரன். சிலமலையிலிருந்து குரங்கணி வரைக்கும் முதலாளியைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. காளிமுத்து தான் நிற்கப்போகும் பாதையின் தலைப்பில் ஒரு மரக்கிளையில் சிவப்புத் துண்டைக் கட்டிவிடுவார். மொக்கராசு அதைப் பார்த்துவிட்டு வேறு பாதையில் இறங்குவான். வாரத்துக்கு ஒரு மூட்டை, அதற்கு மேல் ஆசைப்பட மாட்டான். அத்தனை வருடக் களவில் ஒருவர் மேலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. இதை நான் சின்ன வயதிலிருந்து அறிவேன். ஆனால் அதை எழுதினால் நிரூபணம் உடைந்துவிடும். ஆகவே 'கொள்க' என்று எழுதினேன்.

தாயக்கட்டையைப் பொன்னையாவுக்கே பரிசாகக் கொடுத்தேன். படம்கூட எடுத்தார்கள்.

4

மறுநாள் நடந்தது பொன்னையாவின் ஜீப்பு டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பின்மதியம் நாலு மணிக்கு, இரண்டு ஆட்களையும் காளிமுத்துவையும் நிறுத்திவைத்துக்கொண்டு, ஜீப்பு பானெட்டின் மேல் பொன்னையா கட்டையை உருட்டினார். இரண்டு விழுந்தது. ஓடைப் பாதை.

"ஏறுங்கடா வெரசா."

காளிமுத்து அசையவில்லை. "மொதலாளி, துண்டு குரங்கணிப் பாதை மரத்துல கெடக்கு. ஒரு எட்டுப் போயி எடுத்தாந்துர்றேன்."

"துண்டு எதுக்குடா? கல்யாணத்துக்கா போற?"

வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். ஓடைப் பாதையின் திருப்பத்தில், பாறைக்குப் பின்னால் ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். காலில் அட்டை ஏறியது. பனி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து காலடிச் சத்தம். தலையில் மூட்டையும் வாயில் ஒரு மெட்டுமாக மொக்கராசு வந்தான். பனிக்குள் முதலில் காளிமுத்துவைத்தான் பார்த்தான். பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"என்ன மாப்ளே, பாதை மாறிட்டியா?"

அந்த ஒரு கேள்வி போதும். பாறைக்குப் பின்னாலிருந்து பொன்னையா எழுந்தார்.

"மாப்ளையா? அடி சக்கை! டேய் காளி, வெட்டுடா அவன. வெட்டலேன்னா நீயும் கூட்டுக் களவாணிதான். ரெண்டு பேரையும் ஒரே வெலங்குல மாட்டிருவேன்."

"மொதலாளி, எம் பொண்டாட்டிக்கு அண்ணன்..."

"வெட்டுறியா, நான் சுடவா?"

அவரிடம் துப்பாக்கி இருந்தது. காளிமுத்து அரிவாளை ஓங்கினார். மூட்டைக் கயிற்றைப் பார்த்துத்தான் ஓங்கினாராம். அதே நேரத்தில் மொக்கராசு சரிந்த மூட்டையைப் பிடிக்கக் கையைத் தூக்கினான். கயிறும் அறுந்தது, மூன்று விரல்களும் போயின. சாக்கு பிரிந்து பச்சைக் காய் ஓடைத் தண்ணீரில் கொட்டியது. மொக்கராசு கத்தவே இல்லை. விழுந்ததைப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும் என்று குனிந்து, காயோடு காயாக இடது கையால் தேடினானாம். எதைத் தேடுகிறான் என்று தெரிந்ததும் டிரைவர் வாந்தி எடுத்துவிட்டான்.

காளிமுத்து அரிவாளைத் திருப்பிப் பொன்னையாவின் மேல் எறிந்தார். தோளில் இறங்கியது. பிறகு மச்சானை முதுகில் தூக்கிக்கொண்டு, 'பேச்சி, பேச்சி' என்று பெண்டாட்டி பெயரைச் சொல்லிக் கத்தியபடி, குரங்கணி வரைக்கும் ஓட்டமாக இறங்கினார்.

5

மூன்றாம் நாள் காலை பதினோரு மணி. கிட்டங்கிக்குள் ஞானமுத்து சார் பகா எண்களைப் பற்றி நிறைவுரை ஆற்றிக்கொண்டிருந்தார். நான் வெளியே நின்றேன். டீக் கொண்டு வந்த ஆள் தெருமுனையில் எதையோ பார்த்துவிட்டு, தூக்குப் போணியை என் கையில் திணித்துவிட்டு ஓடிப்போனான்.

இரண்டு ஜீப்பு. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு முப்பது பேர். வெட்டியவன் குடும்பமும் வெட்டுப்பட்டவன் குடும்பமும் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளும் என்றுதான் எந்தக் கணக்கும் சொல்லும். அவர்கள் ஒரே வண்டியில் வந்தார்கள். முன்னால் குதித்தது பேச்சியம்மாள்.

"எம் புருசன் கைய வச்சே எங்கண்ணன் கைய வெட்ட வச்சவன் எவன்டா? தாயக்கட்ட வாத்தி எவன்டா? வாடா வெளியே!"

தூக்குப் போணி ஒரு பக்கம் சாய்ந்தது. சுடு டீ கையில் கொட்டியது. சுடவில்லை. வந்தவர்கள் யாருக்கும் என் முகம் தெரியாது. பேச்சி நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏப்பா டீக்கார அப்பு, அந்த வாத்தி எவன்? ஆளக் காட்டு."

டீக்காரன்! கடவுள் எனக்கு வேறொரு தொழில் கொடுத்துவிட்டார். வாயைத் திறந்தால் குரலே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடுமோ என்று பயம். அன்றைக்கு என் உடம்பில் வேலை செய்தது ஒரே ஓர் உறுப்பு. ஆள்காட்டி விரல். அது தானாகவே நீண்டு, திறந்த கதவு வழியாக, கரும்பலகைக்கு முன்னால் நின்றவரைக் காட்டியது.

ஞானமுத்து சார் அந்த நேரத்தில் திரும்பினார். என் விரலைப் பார்த்தார். விரலுக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தார். அவ்வளவுதான்.

"நீதானாடா?" என்று பேச்சி உள்ளே போனாள்.

"என்ன நடந்துச்சும்மா? சொல்லுங்க" என்றார் அவர். இல்லை என்று சொல்லவில்லை. இதை நான் ஆயிரம் தடவை யோசித்துவிட்டேன். 'நான் இல்லை, அதோ நிற்கிறான்' என்று சொல்ல அரை மூச்சு போதும்.

பலகையில் வட்டம் போடுகிற பெரிய மரக் கவராயம் சுவரில் தொங்கியது. பேச்சி அதை உருவினாள். முதல் அடி சார் முழங்கையில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. உலர்ந்த மிளாறு ஒடிகிற சத்தம். சாக்பீஸ் வைத்திருந்த கை. இரண்டாவது அடியும் அதே இடத்தில். "அவன் வெரலு போச்சு, ஒனக்குக் கை போகட்டும்!" பிறகு ஆண்கள் நுழைந்தார்கள். பெஞ்சுகளைத் தூக்கிச் சுவரில் அடித்தார்கள். கரும்பலகையைக் காளிமுத்து தலையாலேயே முட்டி முட்டிப் பிளந்தார். நெற்றி கிழிந்து ரத்தம் மீசையில் வழிந்தது. நிறுத்தவில்லை. பதினெட்டுக் கணித அறிஞர்கள் மூன்று சன்னல்கள் வழியாக வெளியேறினார்கள். அதில் அறிமுறைக் கணிதம், பயன்பாட்டுக் கணிதம் என்ற பேதம் இல்லை.

நான் ரயில் நிலையத்துக்கு ஓடினேன். மதுரை வண்டி நின்றது. ஏறிப் பெஞ்சுக்கு அடியில் படுத்துவிட்டேன். உயிர் தப்ப ஓடுகிறவன் போடி ரயிலைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மூன்று மணி நேரம் அது அசையவே இல்லை. இஞ்சின் போடாத பெட்டி என்று பெருக்க வந்த அம்மாள்தான் சொன்னாள். என் கையில் டீத் தூக்கு அப்படியே இருந்தது.

6

கேஸ் நடந்தது. பொன்னையா தோளில் கட்டோடு வந்தார்; வெட்டச் சொன்னது தான்தான் என்பதால் அவரும் யார் பெயரையும் சொல்லவில்லை. மொக்கராசு காளிமுத்துவைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஞானமுத்து சார் பேச்சியைக் காட்டிக்கொடுக்கவில்லை, தவறி விழுந்தேன் என்று சொல்லிவிட்டார். அந்த விவகாரம் முழுக்க, ஒரு மனிதனை இன்னொரு மனிதன் காட்டிக்கொடுத்தது ஒரே ஒரு தடவைதான்.

ஆறு மாதம் கழித்து, வெட்கமில்லாமல், மதுரையில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். வெளிநாட்டில் ஒரு வேலை, சிபாரிசுக் கடிதம் வேண்டும். அவருடைய வலது முழங்கை மடங்காமல் ஒரு கட்டைபோல நின்றது. பேப்பரை இடது பக்கம் வைத்திருந்தார்.

"தர்றேன் ராசு. ஆனா இடது கையாலதான். இப்பதான் பழகுறேன்."

"டைப் அடிச்சுக் கொண்டாறேன் சார். நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

"இல்லப்பா. இதைக் கையாலதான் எழுதணும்."

ஒரு மணி நேரம் எழுதினார். நான் எதிரே உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்தேன். உறையை ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் கையெழுத்திட்டுக் கொடுத்தார். விரலைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. வழியெல்லாம், கெட்டில் ஆவியில் காட்டி உறையைப் பிரித்துப் பார்க்கலாமா என்று நினைத்தேன். துணிச்சல் வரவில்லை. என்ன எழுதியிருந்தாலும் அது எனக்குத் தகும் என்று தெரியும்.

7

"வயசானவரு, கை நடுங்கும்னு சொல்லும்மா" என்றேன் செல்வியிடம். பாருங்கள், இத்தனை ஆண்டுக்குப் பிறகும் விரல் நீளத்தான் பார்க்கிறது.

ஆனால் அந்த அம்மாள் கடிதத்தைச் செல்வி பக்கம் தள்ளி, கடைசிப் பத்தியைப் படித்துச் சொல்லச் சொன்னார். ஆங்கிலத்தில் இருந்தது. அவள் படித்தாள். தமிழில் இப்படி வரும்: 'மூன்று பாதைக் கணக்கு முழுக்க முழுக்க இவருடைய சொந்த வேலை. அதில் எனக்கு எந்தப் பங்கும் கிடையாது. இதை உறுதி செய்யவே என் கையால் எழுதுகிறேன்.'

"அப்பா, இது நல்ல லெட்டர்தானே? நீ ஏன் அழுவுது?"

"அழல. வேர்க்குது."

"என்ன சொல்லட்டும்?"

"சொல்லு. அவரு வலது கை ஒடைஞ்சுபோச்சு. இடது கையால எழுதினாரு. ஒடைஞ்சது என்னால."

"நீயா அடிச்சுது?"

"நான் அடிக்கல. காட்டினேன்."

"காட்டினேன்னா?"

அவளுக்குப் புரியவில்லை. ஆகவே எப்படிக் காட்டினேன் என்று ஆள்காட்டி விரலை நீட்டினேன். எதிரே அந்த அம்மாள் இருந்ததால் விரல் அவர் மார்பைப் பார்த்து நின்றது. அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். நான் தாயக்கட்டையிலிருந்து ஆரம்பித்துப் போணி வரைக்கும் சொன்னேன். செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி, ஜெர்மனில், நெடுநேரம் பேசினாள். எனக்குப் புரிந்தது 'என் அப்பா' என்ற சொல் மட்டும். அது பல தடவை வந்தது.

அந்த அம்மாள் எதையோ எழுதினார். பிறகு 'டொம்' என்று ஒரு சத்தம். நான் எழுந்து கதவுப் பக்கம் பாய்ந்துவிட்டேன். செல்வி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருது அப்பா. ஸ்டாம்ப்புதான்."

கையெழுத்து உண்மையானது என்று பதிந்துவிட்டார். நிரந்தரமாகத் தங்கலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டவனை ஊரை விட்டு அனுப்புவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கோ, ஊருக்கே திரும்ப வேண்டியதில்லை என்று முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள்.

டிராமில் செல்வி கேட்டாள். "அந்த அங்கிள் கை சரி ஆச்சா?"

"தெரியாது."

"நீ கேக்கல?"

"கேக்கல."

அன்று ராத்திரி நான் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது, ஒரு தபால் உறையைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மதுரைக்கு, சாருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன், கையால்தான். இது இரண்டாவது. குரங்கணிப் பக்கம் இந்த இதழைப் படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது பேச்சியம்மாளுக்கும் மொக்கராசுவுக்கும் படித்துக் காட்டுங்கள். ஆத்தா, அன்றைக்கு நீ கேட்ட தாயக்கட்டை வாத்தி நான்தான். டீக்காரன் இல்லை. டிசம்பரில் வருகிறேன். தூக்குப் போணியையும் கொண்டுவருகிறேன். கவராயம் உன் விருப்பம்.

நாளை இங்கே பயிலரங்கில் என் பேச்சு. மூன்று பாதைக் கணக்குத்தான் தலைப்பு. வாசலோர நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதல் வரியை எழுதி வைத்திருக்கிறேன்: 'காவலரும் திருடரும் மைத்துனர்கள் என்று கொள்க.'

அதற்கு மேல் இன்னும் கணக்கு வரவில்லை.